சிரட்டைக்குள் ஒரு கண்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

‘ரோபோ’ என்றதும் நம்மில் பலருடைய மனக்கண்முன் தோன்றுவது வெள்ளித்திரையில் கண்ட இயந்திர மனிதனே. நானும் சென்ற ஆண்டுவரை அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆனால் நான் தொட்டுப் பார்த்த முதல் ரோபோவுக்குத் தலையில்லை, கால் இல்லை. நான்கு சக்கரங்களும் ஒரே ஒரு கண்ணும் இருந்தன. அந்தக் கண்ணுக்கு மேல் தேங்காய்ச் சிரட்டை ஒன்று கவிழ்ந்திருந்தது. அதை உருவாக்கிய ஐவரில் நானும் ஒருத்தி என்பதால் இந்த மலரில் அதன் கதையைச் சொல்ல விழைகிறேன்.

என்னைப் பற்றியும் இரண்டொரு சொல் சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். அம்மா என் சிறு வயதில் வயல் வேலைக்குப் போனார். கன்னிப்பூ, கும்பப்பூ என்று நாஞ்சில் நாட்டில் நெல்லுக்கு இரண்டு பூ. இரண்டிலும் நடவு, களையெடுப்பு, அறுப்பு, சூடடிப்பு என அம்மாவுக்கு வேலை இருந்தது. களத்தில் சுளவை ஏந்தி அம்மா பொலி தூற்றுவதை வரப்பில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். காற்று வரும் திசையறிந்து நிற்பார். நெல் காலடியில் குவியும், பதர் தள்ளிப்போய் விழும். பின்னர் அறுப்பு மிஷின் வந்தது. அறுப்பதும் அடிப்பதும் தூற்றுவதும் ஒரே ஓட்டத்தில் முடிந்தன. வயல்களில் சில வீட்டு மனைகளாயின. சுளவு அடுக்களைச் சுவரில் தொங்கியது. அம்மா அண்டி ஆபீஸுக்குப் போகத் தொடங்கினார்.

முந்திரி ஆலையை எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ் என்றே சொல்வோம். பிளஸ் டூ முடித்ததும் பணமின்றி ஓராண்டு நானும் அங்கே வேலை செய்தேன். அதனால்தான் என் வகுப்பில் பலரைவிட எனக்கு ஒரு வயது அதிகம். அம்மாவுக்கு அண்டி உடைக்கும் வேலை, எனக்குப் பருப்பைத் தரம் பிரிக்கும் வேலை. முழுப் பருப்பு, பிளந்தது, நொறுங்கியது, நிறம் மாறியது என்று கண்ணும் விரலும் சேர்ந்து பிரிக்க வேண்டும். ஒரு ராத்தலுக்கு ஏறத்தாழ 320 பருப்பு நிற்குமானால் அதற்கு ஒரு தரம். 240 நின்றால் அதனினும் பெரிய பருப்பு, உயர்ந்த தரம். என் வேலையில் கண் மட்டுமே வலிக்கும். அம்மாவின் வேலையில் கை வேகும். அண்டியின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் பொள்ளவைக்கும் தன்மையுடையது. சாம்பலோ வேறு எண்ணெயோ பூசிக்கொண்டு உடைத்தாலும் உள்ளங்கை கறுத்து உரிந்துபோகும்.

இனிக் கதைக்கு வருகிறேன். அண்டை மாவட்டத்துக் கல்லூரி ஒன்று ரோபோப் போட்டி அறிவித்திருப்பதாக எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொன்னார். பந்துகளைப் பொறுக்கி நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும். சிவப்புப் பந்து நெல், ஊதாப் பந்து பதர் என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இந்தக் கற்பனைக்கு மூலம் எது என்பதையும் அவரே விளக்கினார். ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002 முதல் ‘ரோபோகான்’ என்னும் மாணவர் போட்டியை நடத்தி வருகிறது. போட்டியை நடத்தும் நாடு தன் மண்ணின் வழக்கம் ஒன்றை எடுத்து ஆட்டமாக்கும். 2008இல் புனேயில் நடந்தபோது கண்ணன் வெண்ணெய்ப் பானையை எட்டுவது ஆட்டமாயிற்று. 2022இல் புதுதில்லியில் நடந்தபோது ஏழு கற்களை அடுக்கிப் பந்தால் அடித்துச் சரிக்கும் நம் தெருவிளையாட்டையே ரோபோக்கள் ஆடின. 2024இல் வியட்நாமின் குவாங் நின் மாநிலத்தில் நடந்த போட்டிக்கு அறுவடை நாளே பொருள். மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த வயலைப் போன்ற களத்தில் ரோபோக்கள் நாற்று நட வேண்டும், நெல்லை அறுவடை செய்ய வேண்டும், பதரைக் கழித்து நெல்லைக் குதிரில் சேர்க்க வேண்டும். ஒவ்வோர் அணிக்கும் இரண்டு ரோபோக்கள். அவற்றுள் ஒன்று மனிதர் கை படாமல் தானே இயங்க வேண்டும். எல்லாம் மூன்று நிமிடங்களில்!

நம் நாட்டிலிருந்து அப்போட்டிக்குப் பெரும்பாலும் பொறியியல் கல்லூரிகளே செல்கின்றன. எங்களுக்கோ பணிமனை கிடையாது. இருந்தது இயற்பியல் ஆய்வகத்தின் ஒரு மேசை. பேராசிரியர் தம் கைப்பணத்தில் வாங்கித் தந்த ஆர்டுவினோ பலகை ஒன்று. மோட்டார்களை ஆக்கர் கடையில் பழைய அச்சு இயந்திரங்களிலிருந்தும் விளையாட்டுக் கார்களிலிருந்தும் கழற்றினோம். மூவர் மாணவிகள், இருவர் மாணவர்கள். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் வீட்டில் கேள்வி எழும் என்பதால் மாலை ஆறு மணிக்கே எங்கள் விஞ்ஞானம் உறங்கிவிடும்.

ரோபோ தரையிலுள்ள கறுப்புக் கோட்டைப் பின்பற்றிச் செல்லும். வெள்ளைத் தரை அகச்சிவப்புக் கதிரைத் திருப்பியனுப்பும். கறுப்புக் கோடு விழுங்கிவிடும். அந்த வேறுபாட்டைக் கொண்டு வழி தவறாமல் போகும். பந்தை அள்ளி உள்ளே உருட்டியதும் நிறமறியும் உணரி பார்க்கும். அந்தச் சில்லில் 64 ஒளி டையோடுகள் உண்டு. சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் கீழ் பதினாறு பதினாறாக நாற்பத்தெட்டு. மீதிப் பதினாறு வடிகட்டி இல்லாதவை. பட்டுத் திரும்பும் ஒளி மிகுந்தால் அதிர்வெண் மிகும். சிவப்புப் பந்து சிவப்பில் மட்டும் மிகும். ஊதாப் பந்து நீலத்திலும் மிகும். இதையறிந்து பலகை ஆணையிட, சிறு தட்டு இடமோ வலமோ சாயும். ஆய்வகத்துக் குழல் விளக்கின் கீழ் இருபது முறை சோதித்தோம், இருபதும் சரி.

போட்டிக்கு எட்டு நாள் இருந்தபோது விரிவுரையாளர்கள் முன்னிலையில் வராந்தாவில் ஓட்டிக்காட்டினோம். நண்பகல் வேளை. ரோபோ அழகாகச் சென்றது, பந்தை அழகாக அள்ளியது. பிறகு எல்லாப் பந்துகளையும் நெல் பக்கமே தள்ளியது! ஊதா, சிவப்பு என்ற பேதமே அதற்கு இல்லை. கூட்டத்திலிருந்த விரிவுரையாளர் ஒருவர், “இது கொத்துக்குப் பதர் அளந்து போடும் பண்ணையார் வீட்டு ரோபோ போலிருக்கிறதே!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ஆயினும் பேருந்தில் எனக்குக் கண் கலங்கியது.

இரவு அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா கையில் மருந்து தடவிக்கொண்டே கேட்டார்.

“மக்ளே, நீங்க செய்யியது எனக்கு என்ன தெரியும்? ஆனா உச்சி வெயில்ல நிண்ணு பாத்தா கண்ணு கூசி எல்லாம் வெள்ளையாத்தான் தெரியும். நாங்க கையை நெத்தியில மறைச்சு வச்சுக்கிட்டுல்லா பாப்போம். உனக்க மிஷினுக்கு மறைச்சுக்கிட கை உண்டுமா?”

நான் வாயடைத்துப் போனேன். வெளியிலிருந்து வந்த பகல் ஒளி உணரிக்குள் புகுந்து எல்லா அளவுகளையும் உயர்த்திவிட்டது என்பதை ஐந்து பேர் அரைநாள் பேசித்தான் கண்டுபிடித்திருந்தோம். பரிகாரம் எங்களுக்குத் தோன்றவில்லை. அம்மா அடுக்களையிலிருந்து நன்றாகச் சுரண்டிய சிரட்டை ஒன்றை எடுத்துத் தந்தார். மறுநாள் அதன் உட்புறத்தில் கறுப்புச் சாயம் பூசி, உணரியின்மேல் கவிழ்த்து, பந்து வர ஒரு வழி மட்டும் அறுத்து வைத்தோம். வராந்தாவிலும் சரியாகப் பிரித்தது. முற்றத்து வெயிலிலும் சரியாகப் பிரித்தது.

அன்று மாலை மகிழ்ச்சியோடு வீட்டுக்கு ஓடினேன். அம்மா கேட்ட அடுத்த கேள்வி என் மகிழ்ச்சியைப் பாதியாக்கியது.

“சரி மக்ளே, இது நல்லா ஓடிச்சுன்னா யாருக்க வேலையைச் செய்யும்?”

அம்மா என்னைக் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினார். எனக்குத்தான் சுருக்கென்றது. நெல்லையும் பதரையும் பிரித்தது அம்மாவின் வேலை. நிறம் பார்த்துப் பருப்பைப் பிரித்தது என் வேலை. நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரங்கள் முந்திரித் தொழிலுக்கும் வந்துவிட்டன. எங்கள் வீட்டின் இரண்டு கூலிகளையும் பறிக்கக்கூடிய பொருளையா நான் பெருமையோடு செய்துகொண்டிருந்தேன்?

“அப்படீன்னா மிஷினே வரக்கூடாதுன்னு சொல்லுதீங்களா அம்மா?”

“நான் எங்க அப்படிச் சொன்னேன்? இந்த அண்டியெண்ணெயை மிஷின் எடுத்துக்கிடட்டும், எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. கூலியையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போயிரப்பிடாது. சுளவு போனப்பம் அப்படித்தான் போச்சு.”

அந்த வாரம் நூலகத்தில் தேடியபோது ‘ரோபோ’ என்னும் சொல்லின் பிறப்பை அறிந்தேன். செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட ‘ஆர்.யூ.ஆர்.’ என்னும் நாடகம் அச்சொல்லை உலகுக்குத் தந்தது. சொல்லைச் சொன்னவர் அவருடைய அண்ணன் யோசெப். செக் மொழியில் ‘ரொபோதா’ என்றால் கட்டாய வேலை. நம் மாவட்டத்தாருக்கு இதற்கு அகராதி வேண்டியதில்லை. திருவிதாங்கூர் ஆட்சியில் நம் முன்னோருள் ஒடுக்கப்பட்டவர்கள் கூலியின்றிச் செய்த கட்டாய வேலையை ‘ஊழியம்’ என்றார்கள். ஆக, ரோபோ என்பது ஊழியக்காரன். மனிதன் செய்யக்கூடாத ஊழியத்தை அவனிடம் கொடுப்பது முறை. மனிதன் மானத்தோடு செய்து பிழைக்கும் வேலையைக் கொடுப்பதானால், பிழைத்தவருக்கு என்ன வழி என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

இதைச் செய்துகாட்டிய மாணவர்கள் நமக்கு வெகு தொலைவில் இல்லை. 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இறங்கிய தொழிலாளர் இருவரும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநர் நௌஷாதும் உயிரிழந்தார்கள். மனிதரைக் கொண்டு கழிவகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இலேயே வந்திருந்தும் இந்நிலை. குற்றிப்புரத்துப் பொறியியல் கல்லூரியில் ஒன்றாகப் படித்த நண்பர்கள் நால்வர் இதற்கென ‘பாண்டிகூட்’ என்னும் ரோபோவை உருவாக்கினார்கள். 2018இல் அது திருவனந்தபுரத்தில் பணிக்கு வந்தது. அதே ஆண்டில் நம் கும்பகோணத்துக்கும் வந்தது. குழியின்மேல் ஒரு பகுதி நிற்கும்; இன்னொரு பகுதி காலை விரித்து ஊன்றி உள்ளிறங்கும். கேமரா இருட்டில் பார்க்கும், இயந்திரக் கை கழிவை அள்ளும். இவற்றினும் என்னைக் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. அதை இயக்கத் துப்புரவுப் பணியாளர்களுக்கே பயிற்சி அளித்தார்கள். நாற்றத்தையும் மரணத்தையும் இயந்திரம் எடுத்துக்கொள்ள, வேலையும் கூலியும் மனிதரிடம் தங்குவதற்கு அது ஒரு வழி. அம்மா கேட்டதும் இதைத்தானே!

போட்டி நாள் வந்தது. முதல் சுற்றில் பத்துப் பந்துகளில் ஒன்பதைச் சரியாகப் பிரித்தோம். இரண்டாம் சுற்றில் ஆக்கர் கடை மோட்டார் ஒன்று தன் பழைய வயதைக் காட்டிவிட்டது. வட்டமடித்தபடியே நேரம் போயிற்று. நான்காம் இடம், பரிசுகளோ மூன்று. நடுவர் சிரட்டையைத் தட்டிப் பார்த்து, “இந்த யோசனை யாருடையது?” என்று வினவினார். “என் அம்மாவுடையது. அண்டி ஆபீஸில் வேலை செய்கிறார்” என்றேன். அதைச் சொல்ல எனக்கு நா எழுமா என்று முன்பெல்லாம் அஞ்சியதுண்டு. அன்று எழுந்தது.

வீடு திரும்பியதும் அம்மா பரிசைப் பற்றிக் கேட்கவில்லை. “சிரட்டை உடையாமக் கொண்டுவந்தியா?” என்றுதான் கேட்டார்.

வரும் ஆண்டு எங்கள் அணி பிரிக்கும் இயந்திரம் செய்யப் போவதில்லை. வெட்டும் கத்திக்கு அண்டியை எடுத்துக்கொடுக்கும் சிறு கை ஒன்றைச் செய்து பார்க்க எண்ணியிருக்கிறோம். உடைக்கும் பெண்ணே அதை இயக்க வேண்டும். எண்ணெய் மட்டும் அவள் கையில் படக்கூடாது. முடியுமா என்பது தெரியாது. அண்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, ஒவ்வொரு வளைவு. பந்தைப் போல் எளிதில் உருளாது.

அன்புத் தோழர்களே! இயற்பியல் ஆய்வகத்தின் அந்த மேசையைச் சுற்றி இன்னும் இடமிருக்கிறது. எத்துறையினராயினும் வருக. கருவிகள் கொண்டுவர வேண்டாம். உங்கள் வீட்டில் யாருடைய கை எந்த வேலையால் புண்ணாகிறது என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.