லிந்துலையும் அதன் பெயர்களும்

விழா மலருக்கு நம் ஊரைப் பற்றி எழுதுமாறு மலராசிரியர் பணித்தபோது நாம் சற்றே தயங்கினோம். காரணம் பழையது. கல்லூரி விடுதியிற் சேர்ந்த முதல் நாள் "எந்த ஊர்?" என்று வினவிய தோழரிடம் "தலவாக்கலைப் பக்கம்" என்று கூறி நழுவியவர் நாம். லிந்துலை என்றால் "எந்தத் தோட்டம்?" என்பதே அடுத்த வினாவாக வரும், அதற்கு விடையிறுக்க அவ்வயதில் நாணினோம். அக்கடனை ஈண்டுத் தீர்க்க முயல்வோம்.

தலவாக்கலையை அடுத்து, 4000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், ஆக்ரா ஓயாவின் பள்ளத்தாக்கிலே அமைந்தது லிந்துலை. கடைத்தெரு சிறியது, ஒரு சுருட்டுப் புகைந்து முடிவதற்குள் நடந்து கடந்துவிடலாம். சூழவுள்ள மலைகளே ஊர். இங்குப் பெய்யும் மழை கொத்மலை ஓயாவிற் கலந்து, 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டத்தின் சுழலிகளைச் சுற்றி, மகாவலியாகித் திருகோணமலைக்கு அருகிற் கடலடைகின்றது.

நம் ஊரின் தொன்மையைக் காட்டக் கோட்டையில்லை, கல்வெட்டில்லை, பெயர்களே உள்ளன. சில ஆண்டுகளின் முன் வகுப்பில் ஒரு மாணவி, "சேர், தலவாக்கலை, பம்பரகலை, மட்டுக்கலை, லிப்பகலை, தங்ககலை என்று நம் பக்கத்தில் மட்டும் ஏன் இத்தனை கலை?" என்று கேட்டாள். தமிழாசிரியர் அன்றோ! ஆயகலைகள் அறுபத்து நான்கையும் இழுத்து வந்து அரை மணிநேரம் விளக்கினோம். மாலையில் ஆசிரியர் அறையில் இதனைப் பெருமையோடு கூறியபோது, சிங்களம் கற்பிக்கும் நண்பர் புன்னகைத்தார். 'கெலே' என்றால் சிங்களத்திற் காடு; 'தலாவ' என்பது மரங்கள் இடையிட்டு நிற்கும் புல்வெளி; 'பம்பரா' என்பது பெரிய மலைத்தேனீ. மறுநாள் வகுப்பில் நம் பிழையை ஒப்புக்கொண்டோம். தேனீ மொய்த்த காடுதான் நம் நாவில் பம்பரகலை ஆயிற்று. அக்காட்டைக் கோப்பியும், 1869இல் கோப்பியை இலைநோய் தாக்கியபின் தேயிலையும் விழுங்கின. காடு போயிற்று, பெயர் மட்டும் நின்றது.

அடுத்து வந்த துரைமார் தம் ஊர் நினைவை நட்டனர். டிலிகுல்றி ஸ்கொத்லாந்தின் சிற்றூர். ஹோலிரூட் எடின்பரோ அரண்மனை. ஈல்டன் அந்நாட்டின் தென்எல்லைக் குன்றுகள். துரைமாருக்கும் ஊர்நினைவு உண்டென்பதை வளர்ந்த பின்னரே உணர்ந்தோம்.

காட்டை வெட்டிக் கொழுந்து பறித்த நம்மவரோ தாம் விட்டுவந்த ஊர்களை எந்த மலைக்கும் சூட்டவில்லை. சூட்டும் உரிமை யார் தந்தார்? அவர்கள் வாயில் மலைகள் '5ஆம் நம்பர்', '12ஆம் நம்பர்' என்றே வழங்கின. 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964இன் ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. நம் பெரியப்பா குடும்பம் அவ்வாறே கப்பலேறியது. எஞ்சியோரின் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் தீர்ந்தது. ஆயினும் கதவுக்கு ஓர் இலக்கமும் வீதிக்கு ஒரு பெயரும் பல லயங்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை. தபால் தோட்டத்து ஒப்பீசுக்கு வரும். அங்கிருந்து ஆள்வழி வரும்.

நம்மிடம் படித்த பெண்ணொருத்திக்கு நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. தோட்டத்தின் பெயர் வேண்டா. கடிதம் ஒப்பீசு மேசையிற் கிடந்து, பரீட்சை முடிந்த நான்காம் நாள் அவள் கையை அடைந்தது. அவள் அதனை நம்மிடம் கொணர்ந்து காட்டினாள், அழவில்லை. உறையின்மேல் அவள் பெயரும் தோட்டத்தின் பெயரும் லிந்துலையும் சரியாகவே இருந்தன. நம்மாற் பேச இயலவில்லை. இப்பொழுது விண்ணப்பம் எழுதும் மாணவரிடம் கடைத்தெருவிலுள்ள நமக்குத் தெரிந்த கடையொன்றின் முகவரியைக் கொடுக்கச் சொல்கிறோம். இது ஒரு தீர்வாகுமா என்று கேட்பீர்களாயின், ஆகாது.

கடந்த தவணையில் எட்டாம் வகுப்பாருக்குக் கடிதம் எழுதப் பயிற்சியளித்தோம். கொப்பிகளைத் திருத்துகையில் அனுப்புநர் இடத்தில் ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் பதினொருவருக்கும் ஒரே முகவரி. ஒருவன் மட்டும் தன் பெயரின் கீழ், "பேரிக்காய் மரத்து வீடு, மேல் லயம்" என்று எழுதி, அதன்பின் தோட்டத்தின் பெயரை எழுதியிருந்தான். அம்மரத்தை நாம் அறிவோம். சிவப்பு மையால் அதனை வெட்டவில்லை.