ஓ-1 விசாவும் முன்சீப் கையெழுத்தும்

அமெரிக்க ஓ-1 விசாவுக்காக என் அக்கா மகள் ஆறு மாதமாகச் சான்றுகள் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். புக்கிட் ரோத்தானில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, கணினித் துறைக்குப் போனவள். அசாதாரணத் திறன் உள்ளவர்களுக்கான விசா என்றதும் அக்கா, “நோபல் பரிசு வாங்கியவங்களுக்குத்தானே அதெல்லாம்?” என்றார்.

அப்படியில்லை. பெரிய அனைத்துலக விருது இல்லாதவர் எட்டு வகைச் சான்றுகளில் குறைந்தது மூன்றைக் காட்டலாம். துறை விருது, தன்னைப் பற்றி வந்த செய்தி, பிறர் வேலையை மதிப்பிட்ட அனுபவம், உயர்ந்த சம்பளம் என்று போகிறது பட்டியல். மூன்று இருந்தாலும் முடிவு அதிகாரி கையில். எச்-1பி போலக் குலுக்கல் கிடையாது. ஆனால் மனுவை அங்குள்ள முதலாளியோ முகவரோதான் போட வேண்டும். கிடைத்தால் முதலில் மூன்றாண்டு வரை.

அவளுக்கு வேலை தெரியும். தன்னைப் பற்றிச் சொல்லத்தான் வரவில்லை. பக்கத்துக்குப் பக்கம் ‘நாங்கள் செய்தோம்’ என்றே எழுதியிருந்தாள். “இதில் நீங்கள் செய்தது எது?” என்று கேட்டாராம் வழக்கறிஞர். தற்பெருமை கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தது நாங்கள்தானே!

கங்காணி காலத்தில் வந்த என் தாத்தாவுக்கும் சாட்சி தேவைப்பட்டது. கங்காணியின் லைசென்ஸில் கிராம முன்சீப் கையெழுத்துப் போட்ட பிறகே கப்பல். 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை தோட்டங்களுக்கு அப்படித்தான் ஆள் வந்தது. உடம்பில் தெம்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். வேறென்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

கொள்ளுப்பேத்தியிடம் அதைத்தான் கேட்கிறார்கள். துறை வல்லுநர்களின் கடிதம் நான்கு வந்துவிட்டது. ஒரு போட்டிக்கு நடுவராக அழைத்த பழைய மின்னஞ்சலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.