ஒழுகும் இடம் வேறு, ஓட்டை இருக்கும் இடம் வேறு

புதுப்பேட்டையில் கேட்டால் கிடைக்காத கார் உறுப்பு இல்லை என்பது சென்னைக்காரர்களின் நம்பிக்கை. அந்தத் தெருக்களை ஒட்டிய ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட பட்டறை அது. லிஃப்ட் கிடையாது. ஜாக்கி, நான்கு இரும்பு ஸ்டாண்டு, படுத்து வேலை செய்யத் தரையில் பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டி, ஒரு மூட்டை பனியன் வேஸ்ட். அறுபதைத் தாண்டிய மேஸ்திரி ஒருவரும், அவரை ‘அண்ணே’ என்று அழைக்கும் இரண்டு இளைஞர்களும் அங்கே வேலை செய்கிறார்கள். பழைய டீசல் வண்டிகளின் ஒழுகல் பார்ப்பதில் கைதேர்ந்தவர் என்று மேஸ்திரிக்குப் பெயர்.

நான் போனபோது உள்ளே நின்றது வெள்ளை அம்பாசடர், 1489 சிசி டீசல். சினிமாப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு ஓடும் வண்டி. “நிறுத்தின இடமெல்லாம் எண்ணெய். ஷூட்டிங் ஹவுஸ்காரங்க திட்டுறாங்க” என்பது உரிமையாளரின் புகார். அம்பாசடர் உற்பத்தி மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் 2014 மே மாதம் நின்றுபோனது. இனி இந்த வண்டிக்கு கம்பெனி சர்வீஸ் என்று ஒன்று இல்லை. ஜி.பி. ரோட்டுக் கடைகளும் புதுப்பேட்டையும் இப்படிப்பட்ட பட்டறைகளும்தான் கதி.

மேஸ்திரி ஸ்பேனரைத் தொடவே இல்லை. முந்தின நாள் இரவே வண்டிக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். அதை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்புக் கறை எஞ்சின் ஆயில். டீசல் வண்டியில் கரி கலந்து சீக்கிரமே கறுத்துவிடும். மெல்லியதாகப் பரவி, மூக்கில் ஏறும் வாடையோடு இருந்தது டீசல். பின் சக்கரத்துக்கு நேரே நிறமே தெரியாத ஒரு ஈரம். அதைத்தான் அவர் அதிக நேரம் பார்த்தார். பிரேக் ஆயில். “மத்ததெல்லாம் காசுப் பிரச்சினை சார். இது உயிர்ப் பிரச்சினை. மொதல்ல இதான்.” கியர் ஆயிலாக இருந்தால் கந்தக நெடி அடிக்கும், கூலண்ட் என்றால் இனிப்பாக மணக்கும், காய்ந்த இடத்தில் உப்புப் பூத்தது போல் படியும் என்று இளைஞர்களில் ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார்.

பின் சக்கர வீல் சிலிண்டரைச் சரிசெய்ததும், அடுத்தது எஞ்சினுக்குக் குளிப்பாட்டல். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு எஞ்சினின் பல வருட அழுக்கைச் சுரண்டி, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, காற்றடித்துக் காய வைத்தார்கள். பாதி நாள் இதற்கே போனது. பிறகு எஞ்சின் மேல் முகப்பவுடரைத் தூவினார்கள். வண்டியை ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுவந்து நிறுத்தியதும், வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடுகள் இறங்கியிருந்தன. “சொட்டுற இடத்தப் பாக்காதீங்க. ஈரம் எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க. மேல பாருங்க, முன்னாடி பாருங்க” என்றார் மேஸ்திரி. எண்ணெய் தன் எடையால் கீழே இறங்கும். ரேடியேட்டர் ஃபேன் காற்றும் ஓட்டத்தின் காற்றும் அதைப் பின்னால் தள்ளும். அதனால் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பின் பின் மூலையில் சொட்டுவது, எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவரில் புறப்பட்டதாக இருக்கலாம். இங்கே அப்படித்தான் இருந்தது. சம்ப் பேக்கிங்கை மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பியிருந்தால், வண்டி மறுநாளே திரும்பி வந்திருக்கும்.

ஆனால் டேப்பட் கவர் பேக்கிங்கையும் அவர் உடனே மாற்றவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். புகை விட்டு விட்டு வந்தது. இதைப் பட்டறைகளில் ‘பேக் கம்ப்ரஷன்’ என்கிறார்கள். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே கசிவது எல்லா எஞ்சினுக்கும் உண்டு. அது வெளியேறத்தான் பிரீதர் குழாய் இருக்கிறது. குழாய் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்தச் சந்து கிடைத்தாலும் எண்ணெயைத் தள்ளும். கழற்றிப் பார்த்தபோது, குழாய்க்குள் தார் போல அழுக்கு இறுகியிருந்தது. சுத்தம் செய்து மாட்டியதும் புகை பெரும்பாலும் அடங்கியது. குழாய் சுத்தமாக இருந்தும் புகை குறையவில்லை என்றால் ரிங் தேய்ந்திருக்கிறது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று பொருள்.

இந்த எஞ்சினுக்குப் பிரீதர் அடைக்காமல் இருப்பது இன்னும் முக்கியம். இதன் மூல வடிவம் இங்கிலாந்தின் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் எஞ்சின். மூன்று பேரிங் கொண்ட அந்தப் பழைய வடிவத்தில் கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீல் இல்லை. திருகு போன்ற மரை வெட்டியிருக்கும். கிராங்க் சுழலும்போது அந்த மரை எண்ணெயை உள்நோக்கி இழுக்கும். உள் அழுத்தம் கூடினால் மரை தோற்றுவிடும். நன்றாக இருக்கும் எஞ்சினிலும், நிறுத்திய பிறகு அங்கே ஒன்றிரண்டு சொட்டு இயல்பு. எதை நிறுத்த வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தெரிவதும் இந்தத் தொழிலில் சேர்த்தி.

டீசல் ஒழுகல் வேறு வகை. டீசலைப் பீய்ச்சும் நாசில்களிலிருந்து மிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பைப் வெடித்திருந்தது. அது எளிய வேலை. பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்கள் பக்கம் கை கொண்டுபோகக் கூடாது என்று மேஸ்திரி அதட்டினார். இந்த மாதிரிப் பழைய எஞ்சினிலேயே நாசில் திறக்க நூறு பாருக்கு மேல் அழுத்தம் வேண்டும்; கார் டயரில் இருப்பது இரண்டு பார்தான். மயிரிழை ஓட்டையில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அங்கே விரலுக்குப் பதில் அட்டையைத்தான் நீட்டுகிறார்கள்.

சொட்டாத ஒழுகலும் உண்டு. டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையுள்ள குழாயில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராமல் காற்று உள்ளே போகலாம். காலையில் வண்டி கிளம்ப மறுக்கும். இடையில் கண்ணாடி போன்ற டியூப் ஒன்றைச் செருகினால் குமிழி காட்டிக்கொடுக்கும். சில வகைப் பம்புகளில் தண்டின் சீல் போனால் டீசல் எஞ்சின் ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் அளவு குறைந்தால் கவலைப்படுகிறோம். கூடினால்தான் இன்னும் கவலைப்பட வேண்டும். பழைய சீல்கள் போவதற்குப் புதிய டீசலும் ஒரு காரணம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் கந்தகம் 10 பிபிஎம்-க்கு மேல் இல்லாத டீசல் விற்கப்படுகிறது. கந்தகத்தை நீக்கும்போது, பழைய நைட்ரைல் ரப்பரை உப்ப வைத்திருந்த அரோமேட்டிக் பொருள்களும் குறைகின்றன. வயதான சீல் சுருங்கி ஒழுகக்கூடும். விட்டான் ரப்பர் சீல் போட்டால் தாங்கும்.

கடையில் கிடைக்காத பேக்கிங்கை அவர்கள் அங்கேயே செய்கிறார்கள். பேக்கிங் ஷீட்டை உறுப்பின் மேல் விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பில் தட்டித் தட்டியே வெட்டிவிடுகிறார்கள். போல்ட் துளைக்கு, பழைய பேரிங்கிலிருந்து எடுத்த குண்டை வைத்து ஒரே அடி. செம்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால், எஃகைப் போல இறுகாமல் இளகிவிடும். திரும்பவும் நன்றாகப் படியும். மஞ்சள் தூளை ரேடியேட்டரில் கொட்டுவதும், டேங்க் ஓட்டையில் பார் சோப்பை அழுத்துவதும் வழியில் நின்றவன் ஊர் போய்ச் சேரத்தான், அதன் பிறகு அவை வைத்தியமல்ல என்றார் மேஸ்திரி.

மாலையில் பில் எழுதினார். டேப்பட் கவர் பேக்கிங், ரிட்டர்ன் பைப், பின் சக்கர வீல் சிலிண்டர் கிட், லேபர். உரிமையாளர் லேபரில் கைவைத்துப் பேரம் பேசினார். கவரைக் கழற்றி மாட்டும் நேரத்துக்குத்தான் அந்த லேபர். அட்டை போட்டு, கழுவி, பவுடர் தூவி, பிரீதரைச் சந்தேகித்த மூளை வேலைக்குப் பில்லில் வரி இல்லை. அந்த வேலைக்குக் கூலி கிடைக்காததால்தான் பல பட்டறைகளில் சொட்டும் இடத்திலேயே பேக்கிங் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். கையுறை இல்லாமல் கழிவு ஆயிலில் ஊறும் இளைஞர்களின் கைகளுக்கும் பில்லில் வரி இல்லை. நெடுநாள் தொடர்பு தோல் புற்றுநோய்வரை கொண்டுபோகக்கூடும்.

பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒழுகல் என்று போனால், “எது ஒழுகுது, ஏன் ஒழுகுது என்று பார்த்துச் சொல்லுங்கள், அதற்குத் தனியாகத் தருகிறேன்” என்று முதலிலேயே சொல்லுங்கள். பிரேக் ஆயில் குறைந்தால் வண்டியை நகர்த்தாதீர்கள். இறக்கிய பழைய ஆயிலைச் சாக்கடையில் விடாதீர்கள். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயக் கழிவு, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம்தான் போக வேண்டும். பார்த்துச் சொல்வதற்குக் கொடுக்கும் பணம், தேவையில்லாமல் பேக்கிங் மாற்றி மாற்றிச் செலவழிப்பதைத் தவிர்க்கும்.