படியிறங்கிப் பார்த்த ரோமாபுரி

ரோமாபுரிக்குப் போய்வந்தவன் கொலோசியத்தைப் பார்க்கவில்லை என்றால் ஊரார் சிரிப்பார்களே என்பதற்காகக் காலையிலேயே அதைப் பார்த்து முடித்து, பிற்பகல் முழுவதையும் பாலட்டைன் குன்றின் அரண்மனை இடிபாடுகளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். நடுப்பகலில் பிடித்த மழை அந்த ஏற்பாட்டைக் கரைத்துவிட்டது. குடையில்லாமல் கிழக்கே ஓடி, ஐந்து நிமிஷத்தில் எதிர்ப்பட்ட தேவாலயம் ஒன்றுக்குள் ஒதுங்கினேன். சட்டை உலர ஒரு கூரை என்பதற்கு மேல் அந்த இடத்தில் எனக்குச் சிரத்தை இருக்கவில்லை.

சான் கிளமெண்ட்டே என்பது அதன் பெயர். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கட்டிடம். பீடத்துக்கு மேலுள்ள விதானத்தில், பொன்னொளிரும் பின்னணியில், 12 வெண்புறாக்கள் அமர்ந்த சிலுவையும், அதன் அடியிலிருந்து கிளம்பி விதானமெங்கும் சுருள் சுருளாகப் படரும் கொடியும் கண்ணைப் பறிக்கின்றன. அந்தத் திருப்தியோடு கிளம்பியிருப்பேன். மழை விடவில்லை, கட்டணத்தைக் கொடுத்துப் படியிறங்கினேன்.

மேலே நிற்கும் இந்தக் கோயிலே ஆதிக்கோயில் என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். இதைப் பராமரித்துவரும் அயர்லாந்து தேசத்து டொமினிக்கன் துறவிகளுள் ஒருவரான ஜோசப் முல்லூலி 1857-இல் தோண்டத் தொடங்கிய பிறகுதான், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த முந்திய கோயில், தூண்களும் சுவர்ச் சித்திரங்களுமாக, இதன் அடியிலேயே மண் நிரம்பிக் கிடப்பது தெரிந்தது. புதிய கோயிலைக் கட்டியவர்கள் பழையதன் பளிங்குப் பலகைகளை, ஆறாம் நூற்றாண்டுப் போப்பாண்டவர் இரண்டாம் ஜானின் முத்திரையோடு, பத்திரமாக மேலே கொண்டுவந்து நாட்டியிருக்கிறார்கள். பலகைகளைக் காப்பாற்றியவர்களின் சந்ததி வீட்டையே மறந்துபோனதை என்னென்பது!

அந்தக் கீழ்க்கோயிலின் சுவரில் 11-ஆம் நூற்றாண்டுச் சித்திரம் ஒன்று இருக்கிறது. கோயிலின் பெயருக்குரிய கிளமெண்ட் முனிவரைக் கட்டி இழுத்துவரும்படி சிசின்னியுஸ் என்னும் பிரபு ஏவலாளருக்கு ஆணையிடுகிறான்; கண் மயங்கிய அவர்களோ ஒரு கல்தூணுக்குக் கயிறு கட்டி, அதுதான் முனிவர் என்றெண்ணி மூச்சு முட்ட இழுக்கிறார்கள். பிரபு அவர்களைத் தாயையும் சேர்த்துத் திட்டுகிறான். முனிவரின் சொல் லத்தீனில் இருக்க, வசவு மட்டும் தெருப்பேச்சில், சித்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. இத்தாலிய மொழி எழுத்திலேறிய மிகப் பழைய உதாரணங்களுள் அது ஒன்று. கவிகளுக்கெல்லாம் முன்னால் வைகிறவன் முந்திக்கொண்டான்!

இன்னும் கீழே மற்றொரு படிக்கட்டு. அங்கே செங்கல் சுவர்களுக்கிடையே ஆள் நுழையும் அகலத்தில் ஒரு சந்து. அதன் ஓரத்தில், தாழ்ந்த வளைவுக்கூரையும் இருமருங்கும் கல் திண்ணைகளும் கொண்ட ஒரு குகைச் சந்நிதி. நடுவிலுள்ள பலிபீடத்தில் எருதை வீழ்த்தி நிற்கும் இளந்தெய்வத்தின் பெயர் மித்ராஸ். வேதம் துதிக்கும் மித்திரனுக்குப் பெயரளவில் உறவினன். அன்னிய தேசத்துப் பாதாளத்தில் தெரிந்த பெயரைக் கேட்டது வழியில் ஊர்க்காரரைச் சந்தித்தது போலிருந்தது.

திரும்பும்போது சுவருக்கு அப்பால் சலசலவென்று ஓசை. மழைதான் இங்கும் இறங்கிவிட்டதோ என்று திகைத்து, ஒரு திறப்பின் வழியே குனிந்து பார்த்தேன். கண்ணாடி போன்ற தண்ணீர், விரைந்து ஓடிக்கொண்டிருந்தது. பூமிக்கடியில் ஊறிவந்து இந்த அறைகளை மூழ்கடித்த நீரை வடிக்க, 1912-இல் ஒரு சுரங்கம் வெட்டத் தொடங்கி, பண்டை ரோமரின் பெருஞ்சாக்கடையான குளோயாக்கா மாக்ஸிமாவில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அந்தச் சாக்கடை இன்னும் வேலை செய்கிறது.

மேலே வந்தபோது மழை ஓய்ந்திருந்தது. குன்றில் ஏற நேரம் போதாது. எனக்கு அதில் வருத்தமில்லை. கொலோசியத்துக்குப் போகும் அன்பர்கள் இந்த ஐந்து நிமிஷ நடையையும் நடந்துவிடுங்கள். விதானத்தோடு நின்றுவிடாமல் அடித்தளம்வரை இறங்குங்கள். ஒரு கம்பளிச் சட்டை இருக்கட்டும், கீழே குளிரும்.