அமைதி நீரும் அலைகடலும்

உதகை ஏரி, 1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் உருவாக்கியது. பெர்ன்ஹில்லில் ஓதிக்கொடுக்கும் நான், விடுமுறை நாள்களில் மதரஸாப் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்வதுண்டு. கடலையே கண்டிராத மலைப் பிள்ளைகள் அவர்கள். ஒருமுறை படகிலிருந்து இறங்கிய மாணவன், "ஹஸ்ரத், இது ஆடவே இல்லையே! இதிலேயே கடலுக்கும் போகலாமா?" என்று வினவினான். சிந்திக்கத்தக்க வினா அது.

அகன்று தட்டையான அடிப்பாகமுடைய படகு, நீர்ப்பரப்போடு ஒட்டிப் படிந்து நிற்கும். ஏரிநீர் சமமாக இருப்பதால் படகும் சமமாக இருக்கிறது. கடலிலோ, பக்கவாட்டில் அலை எழும்போது நீர்ப்பரப்பே சாய்கிறது. படகும் உடன் சாய்கிறது. ஏரியில் துணைநின்ற அகலமே அங்கே ஆபத்தாகிவிடுகிறது.

வடதுருவப் பகுதியில் இன்யூட் மக்கள் கடல்நாய்த் தோல் போர்த்திக் கட்டிய கயாக் ஓடம் இதற்கு நேர்மாறானது. நீண்டு ஒடுங்கிய அது, புதிதாக ஏறுபவருக்கு அமைதியான நீரிலும் தள்ளாடும். ஆயினும் அலை அடியில் சாய்ந்து கடக்கையில், பழகியவர் இடுப்பை அசைத்தே அதை நிமிர்த்தி வைத்துக்கொள்வார். மேல்மூடி நீர் புகாமல் காக்கும். அடிப்பாகம் நேராக நீண்டிருந்தால் திசை தவறாது; ஆனால் திருப்புவது கடினம். இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்திருந்தால் எளிதில் திரும்பும். ஆனால் நேரே செலுத்துவது கடினம். ஒன்றைப் பெற மற்றொன்றை ஓரளவு இழந்தே ஆகவேண்டும்.

நம் சோழமண்டலக் கரையின் கட்டுமரமோ பார்வைக்குப் படகென்றே தோன்றாது. கயிற்றால் பிணைத்த கட்டைகள், அவ்வளவே. ஏறியவர் நனையாமல் இருக்கவியலாது. எனினும் நீர் தேங்கி மூழ்குவதற்கு அதில் குழிவே இல்லை. மேலே விழும் அலை கட்டைகளின் இடுக்கு வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மிதக்கும். 2004ஆம் ஆண்டின் சுனாமிக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்டன. ஆயினும் முன்னோர் அறிவுக்கு அது சான்றாக நிற்கிறது.

பெற்றோர்களே! நம் பிள்ளைகள் படிப்புக்காகவும் பிழைப்புக்காகவும் மலையிறங்கிச் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் செல்கிறார்கள். வீட்டில் அவர்கள் தடுமாறாதிருப்பதைக் கண்டு, எங்கும் தடுமாறார் என நம்பிவிடுகிறோம். தன் கைச்செலவுக்குக் கணக்கு வைக்கவும், கூடாததற்குக் கூச்சமின்றி மறுப்புச் சொல்லவும், தனித்திருக்கையிலும் தொழுகையைப் பேணவும் இங்கேயே சற்றுத் தள்ளாடிப் பழகட்டும். நூஹ் நபி (அலை) அவர்கள் இறைக்கட்டளைப்படி கப்பலைக் கட்டியது வெள்ளம் வருமுன்னரே அன்றோ!