இரண்டு ஜன்னல்கள்

போன டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தபோது, பள்ளியில் எனக்குத் தமிழ் சொல்லித்தந்த ஆசிரியரோடு வட்டக்கோட்டைக்குப் போனேன். 1741இல் கொளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படையின் டிலனாய், பின்பு அவருக்கே தளபதியாகிக் கருங்கல்லால் பலப்படுத்திய கோட்டை. பெயர்தான் வட்டம், உள்ளே போனால் ஏறக்குறையச் செவ்வகம். மதில்மேல் உட்கார்ந்து கீழே கரிய மணலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சார் கேட்டார்: "நீ அங்க என்னதான்டே செய்யுதே?"

இருபது வருடமாக வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. சொல்லிப் பார்த்தேன்.

கணினியின் தாய்ப்பலகையில் எந்த அட்டை எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று செயலிக்கு முதலில் தெரியாது. 1992இல் வந்த பிசிஐ முறையில், ஒவ்வொரு சில்லும் தன்னைப் பற்றி 256 பைட்டில் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கும். யார் செய்தது, என்ன வேலை, எவ்வளவு நினைவகம் வேண்டும், இப்போது விழித்திருக்கிறதா என்பதெல்லாம் அதிலுள்ள பதிவகங்களில் இருக்கும். முதல் 64 பைட்டின் ஒழுங்கு எல்லோருக்கும் பொது. முகவரி தபால் முகவரி மாதிரிதான்: 256 பாதைகள், பாதைக்கு 32 சாதனங்கள், சாதனத்துக்கு 8 பணிகள், அதற்குள் பதிவகத்தின் எண். ஏட்டின் முதல் இரண்டு பைட் செய்தவரின் எண். இன்டெல்லுக்கு அது பதினாறடிமானத்தில் 8086. 1978இல் அவர்கள் வெளியிட்ட செயலியின் பெயர். எண்ணிலும் குலப்பெருமை! அந்த முகவரியில் யாருமே இல்லையென்றால் எல்லா பிட்டும் ஒன்றாகத் திரும்பி வரும். ஆளில்லை என்பதை அப்படித்தான் அறிகிறோம்.

"அப்ப நேரா போய் வாசிச்சிர வேண்டியதுதானே?" என்றார் சார்.

முடியாது. எல்லா ஏடுகளையும் சேர்த்தால் 16 மெகாபைட்; செயலிக்கு இருக்கும் உள்ளீட்டு வாசல்களோ 65,536தான். ஆகவே சிப்செட் இரண்டே ஜன்னல்களைத் திறந்து வைத்தது. சிஎஃப்8 என்ற ஜன்னலில் முகவரியை எழுத வேண்டும். சிஎஃப்சி என்ற அடுத்த ஜன்னலில் வாசிக்கலாம், எழுதலாம். ரேஷன் கடையில் ஒரு ஜன்னலில் சீட்டு, அடுத்ததில் அரிசி என்பதுபோல. ஆனால் உள்ளே இருப்பவருக்குக் கடைசியாக வந்த சீட்டு மட்டுமே நினைவிருக்கும். நீங்கள் சீட்டைக் கொடுத்துவிட்டு நகர்வதற்குள் வேறொருவர் நீட்டினால், உங்கள் பையில் விழுவது அவருடைய மண்ணெண்ணெய். லினக்ஸின் கருநிரல் இதற்காகவே இரண்டு செயலுக்கும் சேர்த்து ஒரு பூட்டுப் போடுகிறது.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் செய்த கருவியொன்றில், பத்து நாளுக்கொருமுறை வலையட்டை ஊமையாகிவிடும். பதிவுகளைப் பார்த்தால், ஊமையாவதற்குச் சற்று முன்பு அதன் இயக்கி நிரல் தன் பதிவகத்தை வாசித்திருக்கும். இயக்கியை எழுதியவன் புதிதாகச் சேர்ந்த பையன். கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கேட்டேன். கேட்டது நல்ல விதமாக இல்லை. அவன் மூன்று வாரம் தன் நிரலையே திருப்பித் திருப்பிப் படித்தான்.

பிழை என்னுடையது. பிழைகளை எண்ணும் சின்னச் சோதனை நிரல் ஒன்றை நான் வைத்திருந்தேன். அது அந்தப் பூட்டைச் சுற்றிக்கொண்டு நேரே ஜன்னல்களுக்குப் போகும். என் சீட்டுக்கும் என் எழுத்துக்கும் நடுவே அவனுடைய சீட்டு நுழைந்த அந்த ஒரு கணத்தில், நான் எழுதிய எண் அவன் அட்டையின் ஏட்டில் விழுந்தது.

இப்போதைய பிசிஐ எக்ஸ்பிரஸில் இந்தத் தொல்லை குறைவு. ஏடுகள் 4096 பைட்டாகி, மொத்தம் 256 மெகாபைட்டும் நினைவக முகவரிகளாகவே விரிந்துவிடும். ஒவ்வொரு பதிவகத்துக்கும் சொந்த முகவரி. எங்கள் பலகை பழையது.

"அந்தப் பையன்ட்ட சொன்னியா?"

திருத்தக் குறிப்பில் 'பூட்டுப் பிழை நீக்கப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தேன். யாருடைய பிழை என்று எழுதவில்லை. அதற்குள் அவன் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தான். சார் ஒன்றும் சொல்லாமல் கடலைப் பார்த்தார்.

அன்றிரவு அவனுக்கு எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. எந்தப் பதிவகத்தில் விழுந்தது என்று மட்டும் கேட்டிருந்தான். நான்காவது பைட், கட்டளைப் பதிவகம் என்று எழுதி அனுப்பினேன்.