இனி என் முறை



ஐம்பது வயதைத் தொட்ட ஒரு பெண், இரவில் கைத்தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்களைப் பிடிக்கும் விளையாட்டு ஒன்றை ஆடுகிறாள் என்றால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "இவளுக்கு வேறு வேலையே இல்லையா?" என்றுதானே! என் உம்மாவும் அதைத்தான் கேட்டார்.

"இஷா தொழுதிட்டுப் படுக்கிற நேரத்தில போனுக்குள்ள என்னத்தடி மகள் தேடுறாய்?"

"கோமாரியோட வெளயாடுறன் உம்மா" என்றேன்.

உம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஊரோடு யாராவது விளையாடுவார்களா?

கோமாரியை உங்களில் பலர் பஸ்ஸில் கடந்து போயிருப்பீர்கள். பொத்துவிலில் இருந்து அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் போகும் பெருவீதியில் இருக்கிறது. கடலும் களப்பும் அருகருகே கிடக்கும் தமிழ்க் கிராமம். என் சிறுவயதுத் தோழி அந்த ஊர்க்காரி. இப்போது கனடாவில், ரொறன்ரோவில் இருக்கிறாள். விளையாட்டில் சேரும்போது ஒரு பெயர் கொடுக்க வேண்டும். அவள் தன் பெயரைக் கொடுக்காமல் 'கோமாரி' என்று கொடுத்திருக்கிறாள். அதனால் தினமும் காலையில் என் தொலைபேசி சொல்லும் முதல் சேதி, கோமாரி ஆடிவிட்டாள், இனி உன் முறை என்பதுதான்.

விளையாட்டின் பெயர் 'பொலிடோபியா'. சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்று 2016இல் வெளியிட்டது. 1991இல் அமெரிக்காவில் சிட் மெயர் என்பவர் உருவாக்கிய 'சிவிலைசேஷன்' என்ற புகழ்பெற்ற கணினி விளையாட்டின் வழியில் வந்தது. தொடக்கத்தில் உங்களுக்கு ஓர் ஊரும் ஒரு வீரனும்தான். சுற்றிவர மேகம் மூடியிருக்கும். வீரன் நடக்க நடக்க மேகம் விலகி, காடும் மலையும் கடலும் தெரியும். ஒவ்வொரு முறையும் உங்கள் ஊர்கள் சில நட்சத்திரங்களைத் தரும். அதுதான் அங்கே காசு. பழம் பறிக்கவும் இரண்டு நட்சத்திரம் வேண்டும், ஒரு வீரனை அமர்த்தவும் இரண்டு வேண்டும். கையில் இருப்பதோ கொஞ்சம்! பழத்தைப் பறித்து ஊரை வளர்ப்பதா? வீரனை வைத்து ஊரைக் காப்பதா?

சகோதரிகளே, மாதச் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மகனுக்குச் சப்பாத்து வாங்குவதா, கூரையில் உடைந்த ஓட்டை மாற்றுவதா என்று யோசிக்கிற நமக்கு இதை யாராவது கற்றுத்தர வேண்டுமா?

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. கைவேகம் இதற்குத் தேவையில்லை. நான் ஆடி முடித்தால் ஆட்டம் அவளிடம் போகும். அவள் ஆடும்வரை நான் என் வேலையைப் பார்க்கலாம். எங்களுக்கும் ரொறன்ரோவுக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் வித்தியாசம். இஷா தொழுது, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நான் ஆடும்போது அவளுக்கு முற்பகல். அவள் இரவு படுக்கப்போகும் முன் ஆடும்போது, இங்கே என் கடைசி மகன் பள்ளிக்கூடம் புறப்படுகிறான். ஒரு நாளைக்கு ஒரு முறை. ஐந்து நிமிடம். அவ்வளவுதான்!

பழைய காலத்தில் சதுரங்கத்தைக்கூடத் தபாலில் ஆடியிருக்கிறார்கள். இலண்டன் கழகமும் எடின்பரோ கழகமும் 1824இல் கடிதம் மூலம் தொடங்கிய போட்டி 1828இல்தான் முடிந்ததாம். வென்றது எடின்பரோ. இதை எனக்குச் சொன்னவளும் அவள்தான். "நாலு வருசம் காத்திருந்திருக்கான் புள்ள! நீ நாலு மணித்தியாலத்துக்கு அந்தரப்படுறாய்" என்று சிரிப்பாள்.

'இது ஆகுமா?' என்று உங்களில் சிலர் கேட்பது எனக்குக் கேட்கிறது. நான் ஃபத்வா சொல்ல வரவில்லை. சதுரங்கத்தைப் பற்றியே அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. பக்தாதில் அஸ்ஸூலி போன்றவர்கள் அதைப் பற்றி நூலே எழுதியிருக்கிறார்கள். அதைத் தடுத்த இமாம்களும் இருக்கிறார்கள். நமது ஷாபிஈ மத்ஹபில், சூது கலக்காமலும் தொழுகையைப் பாழாக்காமலும் இருந்தால் அதை ஹராம் என்று சொல்லாமல் மக்ரூஹ் என்பார்கள். அந்த இரண்டையும் நான் எனக்கு வேலியாக வைத்துக்கொண்டேன். பந்தயம் இல்லை, தொழாமல் போனைத் தொடுவதும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ், இதுவரை வேலி உடையவில்லை.

ஆனால் நான் இன்று எழுத வந்தது விளையாட்டின் சட்டத்தைப் பற்றியல்ல. அது என்னிடம் வாங்கிய ஒரு பதிலைப் பற்றி.

1989இல் பொத்துவிலில் ஒரு ரியூசன் வகுப்பு. அவள் கோமாரியில் இருந்து பஸ்ஸில் வருவாள். ஒரே வாங்கில் இருப்போம். களப்பு இறாலைப் பொரித்துக் கொண்டுவருவாள். பெருநாள் முடிந்து நான் வட்டிலப்பம் கொண்டுபோவேன். கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் ஆடுபுலிக் கட்டம் கீறி, புளியங்கொட்டையை ஆடாகவும் கல்லைப் புலியாகவும் வைத்து ஆடுவோம். சேர் வந்தால் காய்களை அள்ளிவிட்டு, எது எங்கே நின்றது என்று பென்சிலால் குறித்து வைப்போம். அடுத்த வகுப்பில் அதே இடத்திலிருந்து தொடர்வோம். யாருடைய முறை என்பதில் மட்டும் சண்டை வரும்!

1990 ஆனி மாதம் யுத்தம் மீண்டும் மூண்டது. எங்கள் கரையில் தமிழர் இரத்தமும் சிந்தியது, முஸ்லிம்களின் இரத்தமும் சிந்தியது. யாருடையது அதிகம் என்று எண்ணிப் பார்ப்பதற்காக நான் இதை எழுதவில்லை. ஒரே பஸ்ஸில் வந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டு பயந்த காலம் அது. வகுப்பு நின்றது. ஒருநாள் இரண்டு ஊருக்கும் புடவை விற்கப் போகும் வியாபாரி ஒருவர் எனக்கு ஒரு துண்டு கொண்டுவந்தார். அவளுடைய எழுத்து. "நாங்க ஊரை விட்டுப் போறம். வெள்ளிக்கிழமைக்கு முன்னம் ஒருக்கா சந்திக்கு வா. வர ஏலாட்டி ஒரு வரி எழுதி அனுப்பு."

வாப்பா போக விடவில்லை. அந்த நேரத்தில் எந்த வாப்பா விடுவார்? ஆனால் அந்த வியாபாரி வாசலில் நின்று, "பதில் ஏதும் இருக்கா மகள்?" என்று கேட்டார். கொப்பி என் கையில்தான் இருந்தது. "இல்ல" என்றேன். பதினைந்து வயது. அந்தத் துண்டு வேறு யார் கையிலாவது அகப்பட்டால் என்ன ஆகும் என்ற பயம்.

அதன்பின் கோமாரி எனக்குப் பஸ் ஜன்னலில் கடந்துபோகும் ஊராயிற்று. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி வந்தபோது கோமாரியும் அடிபட்டது, பொத்துவிலும் அடிபட்டது. இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். அப்போது விசாரித்ததில், அவர்கள் எப்போதோ வெளிநாடு போய்விட்டார்கள் என்று அறிந்தேன். உயிரோடு இருக்கிறாள் என்று ஆறுதல்பட்டேன். விலாசம் கேட்கவில்லை.

தேடி வந்தவள் அவள்தான். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு, செய்யாத குற்றத்துக்கு நாங்களெல்லாம் தலைகுனிந்து நடந்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். கடைக்குப் போகவே தயங்கிய நேரத்தில் பேஸ்புக்கில் ஒரு சேதி வந்தது. "நீ எந்த ஊர்ல இருக்காய் எண்டு தெரியா. சுகமா இருக்கியா புள்ள?" அழுதுவிட்டேன்.

முதல் மாதம் நிறையப் பேசினோம். பிறகு பேச்சு வற்றியது. சுகமா, பிள்ளைகள் சுகமா, அங்கே குளிரா, இங்கே மழையா... அவ்வளவுதான். நடுவில் 29 வருடம் கிடந்தது. அதைத் தொட இருவருக்கும் பயம். 2020 பங்குனியில் ஊரடங்குச் சட்டம் வந்து எல்லோரும் வீட்டுக்குள் கிடந்தபோது, அவளுடைய மகன் அவளுக்கு இந்த விளையாட்டைக் காட்டிக்கொடுத்தான். அவள் என்னை அழைத்தாள். என் மகன் என் போனில் ஏற்றித் தந்தான். பேச ஒன்றுமில்லாத நாட்களிலும் எங்களுக்கு ஒரு வேலை கிடைத்தது. முறை வந்தால் அவள் சுகமாக இருக்கிறாள் என்று அர்த்தம். 2022இல் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு வந்தபோதுகூட, மின்சாரம் வரும் நேரம் பார்த்து சார்ஜ் ஏற்றி என் முறையை ஆடிவிடுவேன். அவள் அங்கே பயப்படக்கூடாதல்லவா?

அந்த வருடம் ஆவணியில் நடந்தது இது. ஓர் ஆட்டத்தில், காட்டுக்கு அங்கால் உனக்கு, இங்கால் எனக்கு என்று வாய்ப்பேச்சாகப் பேசிக்கொண்டோம். அதை நம்பி என் கரையோர ஊர் ஒன்றைக் காவல் இல்லாமல் விட்டிருந்தேன். ஒரு காலை திறந்து பார்த்தால் அவளுடைய குதிரைவீரன் அதற்குள் நிற்கிறான்! எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "நம்பவெச்சுக் கழுத்தறுக்கிற எண்டு இதைத்தான் சொல்றதா?" என்று எழுதிவிட்டேன். பாதி விளையாட்டு, பாதி வினை.

அவள் வாசித்துவிட்டாள். பதில் இல்லை. நான் என் முறையை ஆடினேன். அவள் ஆடவில்லை. நாங்கள் வைத்திருந்த கெடுவும் கடந்து, அந்த ஆட்டம் அப்படியே முடிந்துபோனது. நான்கு நாட்கள். சோறு ஆக்கும்போதும் கண் போனில். ஐந்தாம் நாள் ஒரு சேதி:

"நான் ஒரு வெளயாட்டு ஊரைத்தான் எடுத்தன். நீ ஒரு வரி எழுதாம விட்டாய். அதை நான் இண்டைக்கு வரைக்கும் கேக்கல்ல."

சகோதரிகளே, நான் முதலில் எழுதியது "வாப்பா விடல்ல" என்றுதான். அனுப்பப்போகும்போது விரல் நின்றது. வாப்பா மௌத்தாகிப் பல வருடம். அவர்மேல் போட்டுவிடுவது லேசு, அவர் வந்து மறுக்கப்போவதில்லை. ஆனால் அவர் போகத்தான் விடவில்லை. எழுதவேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லையே! அதை அழித்துவிட்டு உள்ளதை எழுதினேன். "எழுதாம விட்டது நான்தான். பயத்துல. பதில் இருக்கா எண்டு கேட்டாங்க. இல்ல எண்டு சொன்னன். என்னை மன்னிச்சுக்க புள்ள."

அன்றிரவு நான் தூங்கவில்லை. சுபஹு தொழுதுவிட்டு போனைத் தொட மனமில்லாமல் தேநீர் போட்டேன். காலை ஏழரைக்கு அது சத்தமிட்டது. புதிய ஆட்டம் ஒன்றுக்குக் கோமாரி அழைக்கிறாள். கூடவே ஒரு சேதி: "ஒரு துண்டுக்குப் பதில் வர 32 வருசம். எடின்பரோக்காரன் உன்னைவிடப் பரவாயில்ல."

பிறகு தொலைபேசியில் சொன்னாள், அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்திய இரண்டு நாளும் சந்தியில் வந்து நின்றாளாம். அவளுடைய அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனாராம். அதைக் கேட்க எனக்கு வேதனையாக இருந்தது. ஆனால் கேட்டேன். கேட்க வேண்டியது என் கடமை.

அடுத்த கிழமை கணவருடைய மோட்டார் சைக்கிளில் கோமாரிக்குப் போனேன். பஸ் ஜன்னலில் பார்த்த ஊரில் முதல் தடவையாகக் கால் வைத்தேன். அவள் வழி சொல்லச் சொல்ல, அவர்களுடைய வளவு இருந்த இடத்தையும் களப்பையும் படம் பிடித்து அனுப்பினேன். மாமரம் நிற்கிறதா என்று கேட்டாள். நிற்கவில்லை. நிற்கவில்லை என்றே சொன்னேன்.

உங்கள் பிள்ளைகளும் போனில் விளையாடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஏசாமல், என்ன ஆடுகிறார்கள், யாரோடு ஆடுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். முகம் தெரியாதவரோடு ஆட விடாதீர்கள். பல விளையாட்டுகள் இடையில் காசு கேட்கும். நான் ஆடுவதிலும் கூடுதல் கூட்டங்களைக் காசுக்கு விற்கிறார்கள். கடன் அட்டை இலக்கத்தைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். பாங்கு சொன்னால் போன் கீழே போகவேண்டும். இது பிள்ளைக்கும் சட்டம், நமக்கும் சட்டம்.

இன்னுமொன்று. மூன்று நாளைக்கு மேல் பகைத்துப் பேசாமல் இருக்கக்கூடாது என்று மத்ரஸாவில் ஓதிய நாம், பகையே இல்லாமல் முப்பது வருடம் பேசாமல் இருந்துவிடுகிறோம். ஒரு ராத்தாவாக இருக்கலாம், ஒரு மச்சியாக இருக்கலாம், பழைய அயல்வீட்டுக்காரியாக இருக்கலாம். அவர் கடைசியாக ஒரு சொல் சொல்லியிருப்பார். பதில் நம்மிடம் கிடக்கும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், இன்றைக்கே ஒரு வரி எழுதுங்கள்.

இதை எழுதி முடிக்கும்போது மணி ஒன்பது. கோமாரி காலையிலேயே ஆடிவிட்டாள். என் கரையோர ஊருக்குப் பக்கத்தில் அவளுடைய வீரன் ஒருவன் வந்து நிற்கிறான். இந்தத் தடவை நான் காவல் வைத்திருக்கிறேன். உம்மா கட்டிலில் இருந்தபடி கேட்கிறார்:

"என்னடி மகள், கோமாரிக்காரி என்ன சொல்றாள்?"